மூன்று போர்த், இரண்டு கதவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிவப்பு டேக் கட்டிவிட்டார்கள்.

தொழிற்சாலை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... லைனில் ஒரு பார்ட் தப்பாக வந்தால், அதில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். இங்கே தப்பாக வந்த பார்ட், நான் எழுதிய தமிழ். கட்டியவள் இசக்கியம்மாள்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிறுதோறும் ஆறு பேருக்குப் பிரெஞ்சு படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். பேச அல்ல, படிக்க மட்டும். ஆறு பேரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் டிரெய்னிகள். பிரான்ஸில் ஓடிக்கொண்டிருந்த பழைய லைன் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே மாட்டுகிறார்கள். கூடவே வந்த காகிதங்கள் எல்லாம் பிரெஞ்சு. போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? லைனுக்குள் போனுக்கு அனுமதி இல்லை. எனவே டிரெய்னிங் முடியும்போது, அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்த ஒருவரை மட்டும் வேலையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இசக்கிக்கு ஊர் நாங்குநேரி பக்கம். “வேலை இல்லன்னு திரும்பிப் போனா கல்யாணத்த முடிச்சிருவாங்க மேடம். நான் போவ மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நான் பாடம் தயாரித்த விதம் இதுதான். இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் அதே வரிகள் தமிழில். பாரிஸில் ஒரு பெண் ரொட்டி வாங்கப் போகிற கதை. மூன்று வாரத்தில் எல்லோருக்கும் கதை மனப்பாடம் — தமிழில்! வலது பக்கத்தைக் கையால் மறைத்துக் கேட்டேன்.

“இன்னா மேடம் இது, ஒண்ணுமே பிரியல” என்றான் வாலாஜாபாத் தேவா.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பக்கத்திலேயே தமிழ் இருந்தால் கண் வேறு எங்கே போகும்? சப்டைட்டில் ஓடுகிற படத்தில் நாம் யார் முகத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறோம்?

எனக்குக் கோபம் முதலில் வரும், யோசனை பிறகுதான் வரும். அடுத்த வாரம் தமிழ்ப் பக்கத்தையே வெட்டி எறிந்தேன். அதற்கடுத்த வாரம் ஆறு பேர் இரண்டு பேர் ஆனார்கள். இசக்கியும் தேவாவும் மட்டும்.

“தமிழைத் திருப்பித் தாங்க மேடம். ஆனா ரொட்டிக் கதை வேண்டாம். மெஷின் பேப்பரையே தாங்க” என்றாள் இசக்கி.

கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல எது மாஸ்டர்?” என்று கேட்டாள்.

அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலை. அங்கே சரியான பார்ட் ஒன்று எப்போதும் மேஜை மேல் இருக்கும். அதற்குப் பெயர் மாஸ்டர். புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். பிரெஞ்சுதான் மாஸ்டர் என்றேன்.

“அப்ப தமிழைத்தான செக் பண்ணணும்? இம்புட்டு நாளும் மாஸ்டரைப் பாக்காமலே எல்லாத்தையும் ஓகே பண்ணிருக்கோம்.”

இரண்டு பக்கமும் விரல் வைத்து அரை மணி நேரம் பார்த்தாள். பிறகு தேவாவின் சட்டைப் பையிலிருந்த சிவப்பு டேகை உருவி என் தமிழின் மேல் வைத்தாள்.

“அந்தப் பக்கம் மூணு போர்த் இருக்கு. இந்தப் பக்கம் ரெண்டு கதவுதான் இருக்கு. ஒரு வரிய விட்டுட்டிய மேடம்.”

போர்த் என்றால் கதவு. எடுத்துப் பார்த்தேன். மெஷினுக்குள் சுற்றும் டிரம் முழுதாக நிற்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது — அந்த வரியைத்தான் விட்டிருந்தேன். கை போகிற விஷயம். வெட்கத்தில் எனக்கு முகம் சுண்டிவிட்டது.

“அவ சொல்றது கரீட்டுதான் மேடம்” என்று தேவா வேறு சாட்சி சொன்னான்.

அன்றிலிருந்து பக்கத்துக்கு ஒரு தப்பை நானே வைக்க ஆரம்பித்தேன். ஒரு எண்ணை மாற்றுவேன், ஒரு வரியை விழுங்குவேன், இல்லாததைச் சேர்ப்பேன். எங்கே என்று சொல்ல மாட்டேன். என்னைப் பிடிக்க வேண்டுமானால் பிரெஞ்சைப் படித்தே ஆக வேண்டும். விஷயம் பரவி, நின்றுபோன நாலு பேரும் திரும்பி வந்தார்கள். கற்றுக்கொள்ள வாருங்கள் என்றால் இரண்டு பேர். மேடத்தின் தப்பைப் பிடிக்க வாருங்கள் என்றால் ஹவுஸ்ஃபுல்... மனித சுபாவம் அப்படி!

போன வியாழக்கிழமை கம்பெனியில் டெஸ்ட். மேனேஜர் ஒரு பிரெஞ்சுத் தாளைக் கொடுத்து, படித்துத் தமிழில் சொல்லச் சொன்னாராம். அவர் கையில் போன் மொழிபெயர்த்த விடைத்தாள். இசக்கி ஐந்தாவது வரியைச் சொன்னதும், “தப்பும்மா. அப்படி ஒண்ணு இதுல இல்லியே” என்றிருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் ஸாரி சார் என்றிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். இவள், “உங்க பேப்பரக் காட்டுங்க சார்” என்று வாங்கி, இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் விரல் வைத்திருக்கிறாள். “மாஸ்டர்ல இருக்கு சார். உங்க பீஸ்லதான் இல்ல.”

சனிக்கிழமை மாலை முடிவு வந்தது. வேலை இசக்கிக்கு! தேவா வேறு கம்பெனி தேடுகிறான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வருவானாம்... என் தப்பு ஒன்று பாக்கி இருக்கிறதாம்.

இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன் இசக்கியிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வரிக்குச் சிவப்பு டேகோடு திரும்பி வந்தது.

“ரிசல்ட்டைக் கேட்டு நான் அழுதேன்னு எழுதியிருக்கிய. நான் அழல மேடம்.”

அந்த வரியை எடுத்துவிட்டேன். அவள் சொன்னது சரி — அழுதது நான்தான்.