பெரியப்பா திரட்டிய ரத்த சொந்தம்

பெரியப்பாவை நினைத்தால், கொச்சியில் மட்டாஞ்சேரி சுகாதார மையத்தின் முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஆள் நிறுத்திய காலைதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. பந்தியில் உட்கார வைப்பதுபோல ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார். ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் எல்லோரும் வெறும் வயிறு. எல்லோர் முகத்திலும் எரிச்சல்.

அதற்கு முந்தைய வாரம் என் தம்பிக்கு மாரடைப்பு வந்திருந்தது. முப்பது தாண்டிய வயது. பீடி இல்லை, குடி இல்லை, மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் உடம்பு. தம்பி பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்; எங்கள் அப்பா இப்படி வந்துதான் சின்ன வயதில் போனார். வீட்டில் அதைத் தலைவிதி என்று சொல்லி முடித்துவிட்டார்கள். டாக்டர் அப்படி முடிக்கவில்லை. இது ஜீன் வழியாகப் பிறவியிலேயே வரும் கொழுப்பு, ரத்த சொந்தம் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும், முன்பே தெரிந்தால் மாத்திரையில் அடக்கிவிடலாம் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் பெரியப்பா. அங்கேதான் வினை.

ரத்த சொந்தம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டில் சாவு விழுந்தால் யாருக்கு முழுத் தீட்டோ, அவர்கள்தான். மகன்களை அழைத்து வந்தார், அது சரி. பெரியம்மாவையும் இரண்டு மருமகள்களையும் ஏன் அழைத்து வந்தார்? அதில் ஒருத்தி போன மாதம்தான் பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். நான் கொச்சங்காடியில், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டுதான். அதனால் எனக்குச் சொல்லவே இல்லை. பெரியம்மா போனில் சொன்னதும் கோபத்தில் மகளையும் இழுத்துக்கொண்டு போய் நின்றேன்.

ஊசியோடு வந்த மலையாளி சிஸ்டர் வரிசையில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார்.

“இதாரு சேட்டா?”

“என் பொண்டாட்டி.”

“நிங்க தம்பி மகனுக்கு இவங்க எப்படி ரத்த சொந்தம்?”

“நாற்பது வருஷமா எங்க வீட்டுச் சோறு சிஸ்டரே.”

பிறகு என்னைக் காட்டிக் கேட்டார். படுத்திருக்கிறவனின் அக்கா என்றேன். பெரியப்பா குறுக்கே விழுந்தார்.

“அவளைக் கட்டிக் கொடுத்தாச்சு. அவ வேற வீடு.”

“கட்டிக் கொடுக்கும்போ ரத்தத்தை இவிடே ஊத்தி வச்சிட்டா அனுப்பினீங்க?”

மருமகள்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பெரியம்மா போன் செய்திருக்காவிட்டால் என் கதை என்ன ஆகியிருக்கும்? முடிவு வந்தபோது மருமகள்கள் சுத்தம், பெரியப்பாவும் அவர் மகன்களும் சுத்தம். எனக்குத் தம்பி அளவுக்குக் கொழுப்பு. என் மகளுக்கும் அதே கதைதான், அவளுக்கு அப்போது பத்து வயது.

என் மாமியார் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி ஒப்பாரி வைத்தார். எங்கள் குடும்பம் அவர்கள் ரத்தத்தைக் கெடுத்துவிட்டதாம். விஷயம் எட்டி, பெரியப்பா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவரும் சேர்ந்து என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“எங்க பிள்ளைக்கு எங்க நோய் வந்திருக்கு. உங்களுக்கு என்ன நஷ்டம்? மாத்திரை கொடுக்க முடியாதுன்னா சொல்லுங்க, ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்.”

கட்டிக் கொடுத்து அத்தனை வருடம் கழித்து அன்றுதான் அவர் என்னைத் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்தார். அதற்கு எனக்கு ஒரு நோய் வர வேண்டியிருந்தது. அழுவதா, அவரையும் நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியாமல் சாயா போட உள்ளே போனேன்.

பெரியப்பா இப்போது இல்லை. தம்பி இருக்கிறான், நான் இருக்கிறேன். மகள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்லூரியில் வாலிபால் ஆடுகிறாள். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாத்திரை விஷயத்தை மறைத்துவிடச் சொல்கிறார் மாமியார். நான் மறைக்கமாட்டேன். வருகிறவன் ஜாதகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்து சேரட்டும்.