பல்லு தொலைஞ்ச வீடு

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். கோவில்பட்டியில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தால் அதுவே திருவிழா என்றிருந்த காலம். என் மகளுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுகிற விசேஷத்தன்று காலையில், ஊருக்கு வெளியே ஒரு கரிசல் காட்டில், முன்பல் இரண்டையும் தொலைத்துவிட்டு நின்றேன்.

அவை எனக்கு முளைத்த பல் இல்லை. முளைத்ததைச் சில வருஷங்களுக்கு முன்பே எங்கள் தெரு அடிபம்பு வாங்கிக்கொண்டது. எனக்கு முன்னால் தண்ணீர் அடித்தவள் குடம் நிறைந்த சந்தோஷத்தில் கைப்பிடியைப் பட்டென்று விட்டாள். நான் என் குடத்தை எடுக்க அந்தப் பக்கம் குனிந்தேன். அது விருட்டென்று மேலே வந்து என் வாயில் ஒன்று போட்டது. அப்புறம் பல் டாக்டர், மாட்டிக் கழற்றுகிற மாதிரி இரண்டு பல் செய்து கொடுத்தார். வீட்டுக்காரரையும் மகளையும் தவிர இது யாருக்கும் தெரியாது என்பது என் நினைப்பு. அடிபம்படியில் நடந்த விஷயம், தெருவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஏதோ பெரிய மனசு பண்ணித் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

தெரியாதவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். புதியம்புத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளை சொந்தமாக நாலு மெஷின் போட்டு ரெடிமேட் துணி தைக்கிறவர். அவர் அம்மாவுக்குச் சின்ன உருவம், பெரிய குரல். பெண் பார்க்க வந்த அன்றே என்னை ‘மயினி’ என்று அண்ணி முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் எதற்கோ சிரித்ததும் என் முகத்தையே பார்த்தார்.

“எம்புட்டு அழகா சிரிக்கிய மயினி! பல்லு அப்படியே அடுக்கி வச்ச மாதிரில்லா இருக்கு. எங்க வீட்ல எல்லாருக்கும் முன்னால துருத்திக்கிட்டு நிக்கும். எம் பேரப்பிள்ளைகளுக்காவது இந்தப் பல்லு வாய்க்கட்டும்.”

‘அது டாக்டர் வீட்டுப் பல்’ என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்து வைத்தேன்.

என் மகளுக்கு அதற்கு முன் மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. ஒரு வீட்டாருக்கு ஜாதகம் சரியில்லை. ஒரு வீட்டாருக்கு எங்கள் வீடு சின்னது. மூன்றாவது வீட்டார் காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் சேலையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மாவாட்டப் போவாள். அதைப் பார்க்க எனக்குத்தான் வயிறு எரியும். இந்த இடத்துக்குத்தான் அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, “சரிம்மா” என்றாள். அதனால் இது எப்படியாவது முடிய வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பூ வைக்கிற அன்று வெற்றிலை பாக்கை முதலில் குலசாமிக்கு வைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். விடிந்ததும் நானும் வீட்டுக்காரரும் டிவிஎஸ் ஃபிப்டியில் போனோம். கோவில் காட்டு நடுவில் இருக்கிறது. வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்தோம். பருத்தி எடுத்து முடித்த காடு; நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். நான் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். அவர் ஒரு கையில் தட்டும் மறு கையில் தொங்கவிட்ட மாலையுமாக முன்னால் போனார். தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், அன்றைக்கு ஊர்த் தேரைத் தனியாளாக இழுக்கிறவர் மாதிரி நடந்தார்.

கோவிலுக்குப் பக்கத்தில் வந்ததும் திரும்பி, “ஏட்டி, மாலையப் பிடி” என்று நீட்டினார். கையில் நார் மட்டும்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு, வாயோரம் ஒரு செவ்வந்திப்பூவோடு, மீதி எங்கே என்கிற மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கல்யாண வீடோ துக்க வீடோ, வந்தால் வந்ததுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தேன். சிரித்த வேகத்தில் பல் இரண்டும் வெளியே பாய்ந்து, நேராக ஒரு வெடிப்புக்குள் போய்விட்டன. காட்டில் அத்தனை இடம் கிடக்க!

வீட்டுக்காரர் கையை விட யோசித்தார். “உள்ள பாம்பு கீம்பு கெடந்தா?” என்றார். பிறகு ஒரு குச்சியை எடுத்துக் குத்தினார். பல் இன்னும் உள்ளே போனதுதான் மிச்சம். அதற்குள் ஆட்டுக்காரப் பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். வந்த கோபத்துக்கு அவளைத்தான் பிடித்து ஏசினேன். ஆட்டை மேய்க்க வந்தாயா, என் குடியைக் கெடுக்க வந்தாயா என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததெல்லாம் ஏசினேன். முன்பல் இல்லாமல் ஏசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி காற்றாகப் போனது. அவள் வெடிப்பையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, வீடு எங்கன இருக்கு? தோண்டிப் பாக்கேன். கெடச்சா கொண்டாந்து தாரேன்.”

வீட்டுக்காரர் தெருப்பெயரைச் சொல்லி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம் என்று அடையாளமும் சொன்னார். கூடவே அன்றைக்கு மகளுக்குப் பூ வைக்கிறோம் என்பதையும் சொன்னார். ‘ஆமா, இவ தோண்டிக் கொண்டுவந்துதான் மறுவேலை’ என்று முனகிக்கொண்டே சூடத்தைக் காட்டி முடித்துக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவெடுத்தேன். வாயைத் திறக்கப் போவதில்லை. என்ன ஏது என்று கேட்டால் வீட்டுக்காரரும் மகளுமே எதையாவது சொல்லிச் சமாளிக்கட்டும் என்று சைகையில் சொல்லிவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிவைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். எங்கள் பக்கம் வந்தவர்களை ‘வாங்க’ என்று கேட்காவிட்டால் பரம்பரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் கூப்பினேன். மாப்பிள்ளையின் அம்மா முகம் லேசாகச் சுருங்கியது. தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வந்திருந்தார். அதில் ஒன்றை எடுத்து, “வாயத் தொறங்க மயினி” என்று ஊட்ட வந்தார். நான் அதைக் கையில் வாங்கித் தட்டில் வைத்தேன். அந்த நிமிஷம் அவர் கண்ணில் தெரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

“என்ன அண்ணாச்சி, மயினிக்கு மேலுக்கு முடியலையா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். “தொண்ட கட்டியிருக்கு” என்றார் இவர். அதே கேள்வியை அடுக்களையில் என் மகளிடமும் கேட்டிருக்கிறார். அவள், “அம்மாவுக்குக் காதுவலி” என்று சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாத குடும்பம் நாங்கள்.

பூ வைக்கிற நேரம் வந்தது. பெண்ணின் அம்மாவைப் பார்த்து, ‘பூ வைக்கட்டுமா?’ என்று கேட்பார்கள். அம்மா வாயால் ‘வைங்க’ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பூ. மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். அவர் பூச்சரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“ஒருத்தரு தொண்டங்கிய, ஒருத்தரு காதுங்கிய. மயினிக்கு மனசு இல்ல போலுக்கு. இஷ்டம் இல்லாத எடத்துல பூவ வச்சு நாளைக்கு ஒங்க பிள்ளையும் எம் பிள்ளையுமா கஷ்டப்படணும்? நாங்க கெளம்புதோம் அண்ணாச்சி.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பெரிய குரல் கம்மிப்போய்ச் சொன்னார். என் மகள் பட்டுச்சேலையோடு மணையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கைவிரல் சேலைத் தலைப்பை மடிக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். பீரோவில் வைக்கப் போகிறாள், அப்புறம் மாவாட்டப் போவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் நானே வாயைத் திறந்திருப்பேன் என்று வீட்டுக்காரரிடம் இன்றும் சொல்வேன். அவர் நம்புவதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அப்போது தெருவில் ஒரு சத்தம் கேட்டது. “யக்கா, இந்தப் பல்லு தொலைஞ்ச வீடு எது?”

அந்த ஆட்டுக்காரப் பெண்தான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீடு வீடாக இதையேதான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் வாசலுக்கு வரும்போது அவளுக்குப் பின்னால் பாதித் தெரு வந்தது. உள்ளே அத்தனை பேரையும் பார்த்துக் கொஞ்சம் தயங்கினாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. முழங்கை வரை கரிசல் புழுதி, அதற்கு மேல் சிராய்ப்பு. கையில் இருந்த எருக்கிலையை விரித்தாள்.

“இந்தாங்கக்கா ஒங்க பல்லு. களைவெட்டியால தோண்டித்தான் எடுத்தேன். அண்ணாச்சி குத்துன குத்துல கீழ போயி ஒரு கட்டிக்கு அடியில மாட்டிக்கிட்டு கெடந்துச்சு.”

எல்லோரும் இலையைப் பார்த்தார்கள், பிறகு என் வாயைப் பார்த்தார்கள். மானம் மொத்தமாகக் கப்பலேறிவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு முதலில் அழுகை வந்தது. அதற்குள் அந்த ஆட்டின் வாயோரம் இருந்த செவ்வந்திப்பூ ஞாபகம் வந்து தொலைத்தது. ஓட்டைவாயைத் திறந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. என் மகளும் தலையை நிமிர்த்திவிட்டுச் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா இலையில் இருந்த பல்லைக் குனிந்து பார்த்தார். “அப்ப அன்னைக்கு நான் புகழ்ந்தது இந்தப் பல்லையா?” என்றவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இதுக்கா மயினி என் வயித்துல புளியக் கரச்சிய? எங்க வீடு ஒங்களுக்குப் பிடிக்கலையோன்னு நான் செத்துல்லா போனேன்!”

பிறகு சரத்தை எடுத்துக்கொண்டு, எங்கே ஒரு தடவை வாயால் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். ஓட்டைவாயோடு, பாதிக் காற்றாக, “வைங்க மயினி” என்றேன். அதைவிட மனசாரச் சொன்ன வார்த்தை என் வாழ்நாளில் வேறு கிடையாது.

பல்லைச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தவரும் என் சம்பந்தியம்மாதான். ஆட்டுக்காரப் பெண் அதற்குள் நழுவப் பார்த்தாள். ஆட்டைத் தன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்ததாகவும் நேரமாச்சு என்றும் சொன்னாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்து பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார வைத்தேன். காலையில் அவளை ஏசின ஏச்சு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து என்னைக் குத்தியது. அப்படி ஏசினேனே, எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டேன்.

“ஏசுனது கெடக்கட்டும்க்கா. என் ஆட்டாலதான போச்சு. மக விசேஷம்னு அண்ணாச்சி சொன்னாவ. பல்லு இல்லாம விசேஷ வீட்ல என்னத்தத் திம்பிய? எல்லாரும் அப்பளத்த நொறுக்கையில நீங்க மட்டும் பாத்துக்கிட்டா இருக்கது?”

காலையிலிருந்து என் முகம், என் மரியாதை, என் சம்பந்தம் என்றே அலைந்திருக்கிறேன். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காதது எனக்கே நினைப்பில்லை. என்னிடம் ஏச்சு வாங்கினவள் என் வயிற்றை நினைத்து வெயிலில் தோண்டியிருக்கிறாள். “கடிச்சுப் பாருங்க, சரியா உக்காந்திருக்கா?” என்றாள். அப்பளத்தைக் கடித்துக் காட்டினேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் தன் இலையில் கை வைத்தாள்.

கல்யாணம் தை மாதம். பத்திரிகை கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காட்டுக்குப் போனோம். மழை பெய்து வெடிப்பெல்லாம் மூடி, எங்கே பார்த்தாலும் பயிர் நின்றது. காடு விதைத்தாகிவிட்டது, ஆட்டை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த சித்திரையிலும் போய்ப் பார்த்தோம். வேறு யாரோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிலில் சூடம் ஏற்றும்போது அவளுக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் கும்பிடுகிறேன்.

பேத்திக்கு அவர்கள் வீட்டுப் பல்தான் வாய்த்திருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளை அதைக் காட்டிக்கொண்டு அழகாகச் சிரிக்கிறாள். எனக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. மிச்சமிருந்த பல்லும் ஒவ்வொன்றாகக் கழன்று, இப்போது மேலும் கீழும் முழுசெட். அது யாருக்குத் தெரிந்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஆனால் எந்த விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், பக்கத்து இலைக்காரர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் நான் என் அப்பளத்தைக் கடிக்கிறேன்.