சிக்கனச் சிங்கம் வாசித்த உரை

சட்டமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சுருக்கெழுத்து எழுதிய அந்த அம்மாவுக்குக் கட்சி எதுவும் கிடையாது. யார் பேசினாலும் எழுதி, டைப் அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், எதிர்வரிசையில் இருந்த ஒருவர் அரசாங்கத்தின் கடனைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சபையை நடக்கவிடவில்லை. பிறக்காத குழந்தையின் தலையிலும் கடனை ஏற்றிவிட்டார்கள் என்று மேசையைக் குத்தினார். பத்திரிகைகள் சிக்கனச் சிங்கம் என்று பட்டம் சூட்டின. ஆளுங்கட்சி அரண்டுபோய்ச் செலவில் கை வைத்தது. வைத்த இடம் அரசு மருத்துவமனை. ஐந்து டயாலிசிஸ் இயந்திரங்களில் மூன்று நின்றன. வாரம் மூன்று முறை போய்க்கொண்டிருந்த அவள் அண்ணனுக்கு ஒரு முறைதான் இடம் கிடைத்தது. சரக்கு வேன் ஓட்டிய கட்டுமஸ்தான ஆள், கால் இரண்டும் வீங்கி நாலாம் மாதம் போய்ச் சேர்ந்தான். விடுப்பு முடிந்து அவள் வந்த அன்றும் சிங்கம்தான் பேசிக்கொண்டிருந்தார். எழுதினாள்.

தேர்தலில் காற்று மாறியது. சிங்கம் நிதியமைச்சரானார். முதல் வருஷமே முந்தையவர்களைப் போல இரண்டு மடங்கு கடன் வாங்கினார். அதில் ஒரு பங்கு புதிய செயலகத்தின் பளிங்குத் தரைக்குப் போனது. கேட்டதற்கு, வளர்கிற வீடுதான் கடன் வாங்கும் என்றார். முன்பு அள்ளி அள்ளி வாங்கியவர்களோ இப்போது எதிரே உட்கார்ந்து கடன் கடன் என்று மாரடித்தார்கள். இரண்டு தரப்பையும் அவள் எழுதினாள். ஆனால் அண்ணனைக் கொன்றவர் என்று அவள் மனதில் குறித்து வைத்திருந்தது ஒருவரைத்தான்.

அமைச்சரின் உரையைப் பெரிய எழுத்தில் அடித்து வைப்பதும் அவள் வேலை. அவர் எதையும் முன்கூட்டிப் படிப்பதில்லை. புதிய கடன் மசோதா வந்த அன்று, முதல் இரண்டு பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, மூன்றாம் பக்கத்திலிருந்து கடனை எதிர்த்த அவருடைய பழைய பேச்சை அடித்து வைத்தாள்.

சிங்கம் வாசித்தது. குரல் ஏற ஏற, பழக்கதோஷத்தில் மேசையையும் குத்தியது. ஆளுங்கட்சியினர் வழக்கம்போல் தட்டினார்கள். எதிர்க்கட்சியினரும் சேர்ந்து தட்டத் தொடங்கியபோதுதான் அவருக்கு உறைத்தது. தாளைப் புரட்டினார், திருப்பினார். வாய் திறந்தபடி நின்றார். அந்த மௌனத்தையும் அவள் நேரத்தோடு குறித்துக்கொண்டாள்.

விசாரணையில் செயலாளர் கேட்டார்: "எதுக்கும்மா பேச்ச மாத்தினீங்க?"

"எல்லாம் அவர் சொன்னதுதான் சார். ஒரு எழுத்து நான் கூட்டல, கொறைக்கல."

அவளைச் சம்பளத்தைக் குறைத்துக் பழைய கோப்புக் கிடங்குக்கு அனுப்பினார்கள். மசோதாவோ அந்த உரை வாசித்த அன்று சாயங்காலமே நிறைவேறியிருந்தது. நின்ற இயந்திரங்கள் நின்றபடியே இருந்தன.

செய்தி கேட்டு அண்ணி வந்தாள். "சம்பளமும் போச்சு. என்னதான் கெடச்சுது உனக்கு?"

"அவன் முழிச்சதப் பாத்தேன் அண்ணி."

அண்ணி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எப்படி முழிச்சான்? மொதல்லேர்ந்து சொல்லு."