அண்ணி வருவதற்கு முன்

வடக்குத்துக் கிராமத்தில் சிங்காரவேலுவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று. பெண் கம்மாபுரம், பெயர் தனம். சிங்காரவேலு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தான். அவன் தங்கை அம்சவல்லி நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தத் தெருவிலேயே பெர்மனன்ட் வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

வீடு என்பது ஒரே அறை, ஒட்டினாற்போல் ஓர் அடுப்படி. ஆண்கள் வாசலில் படுப்பார்கள், அம்மாவும் மகளும் உள்ளே. புதுப்பெண் வந்தால் யார் எங்கே படுப்பது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். அம்சவல்லி அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு ராத்திரியில் முடியும் இரண்டாவது ஷிப்ட் இருக்கும் நாளெல்லாம் அண்ணன்தான் சைக்கிளோடு ஆஸ்பத்திரி கேட்டில் காத்திருப்பான். கட்டியவளை விட்டுவிட்டு எத்தனை நாளைக்கு அப்படி நிற்பான்?

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனி வீடா என்று அப்பா வைத்திலிங்கம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எப்போது போவது என்பதை அம்சவல்லி வார்டில் நடந்துகொண்டே யோசித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என்றால் பழி தனத்தின் மேல் விழும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்றால் வீடு நிறைய உறவுக்காரர்கள். கார்த்திகையில், மழை விட்டதும் போய்விட வேண்டும். அதையும் அம்மா மூலம் தூது விடாமல், அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொன்னாள். அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"ஊர்ல என்னா பேசுவாங்க தெரியுமா?"

"இப்பப் போனா என்னைப் பேசுவாங்க, நான் தாங்கிக்குவேன். அண்ணி வந்தப்புறம் போனா, வந்ததும் வராததுமா நாத்தனாரை வெரட்டிட்டான்னு அவளைப் பேசுவாங்க. அந்தப் பொண்ணு என்னா பாவம் பண்ணுச்சு?"

அம்மா வள்ளியம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அப்படி ஒரு பேச்சைக் கேட்டவள். "அவ சொல்றது நாயம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் குவார்ட்டர்ஸைப் பார்க்கப் போனார். கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் திருநெல்வேலிக்காரி, கணவர் மைன்ஸில் வேலை. வந்தவர் யாரென்று தெரிந்ததும் அவள் வெளியே வந்தாள்.

"கவலப்படாதீய அண்ணாச்சி. ஒங்க மக வந்து கதவத் தெறக்க சத்தம் கேக்காம நான் கண்ண மூட மாட்டேன்."

வைத்திலிங்கம் வீடு திரும்பி, தாழ்ப்பாள் லொடலொடவென்று இருப்பதாகவும் புதிது ஒன்று வாங்க வேண்டும் என்றும் சொன்னார். சம்மதம் என்று அவர் வாயால் வந்தது அவ்வளவுதான்.

பட்டப்பகலில், தெரு பார்க்க, மாட்டு வண்டியில் சாமான் ஏறியது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்சவல்லி நின்று பதில் சொன்னாள், குவார்ட்டர்ஸுக்குப் போகிறேன், ஒருநாள் வாங்க என்று. அம்மா அங்கே பால் காய்ச்சினாள். எல்லோரும் கிளம்பிப் போனதும் அம்சவல்லி கதவைத் தாழிட்டாள். எல்லா விளக்கையும் போட்டாள். பழக்கத்தில் நாலு பேருக்கு உலை வைத்துவிட்டு, மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றினாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

கல்யாணம் நடந்தது. மாமியார் கெடுபிடி தாங்காத ஞாயிறுகளில் தனம் நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டு வந்துவிடுவாள். இருவரும் மத்தியானம் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு பேசுவார்கள்.

சில வருஷம் கழித்து அம்சவல்லி அனல் மின் நிலையத்து எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு இன்னும் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறாரா என்று கல்யாணப் பந்தலில் ஒருவர் குத்தலாகக் கேட்டார்.

வைத்திலிங்கம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என் வூட்டுக்கு இல்லீங்க. என் மவ வூட்டுக்கு வர்றாரு."