முதல் ஓட்டு ஹெட்லி

இங்கிலாந்தில், யார்க்ஷயரின் அந்தச் சின்ன ஊரில் ஹெட்லி பிராட்பென்ட்டை 'முதல் ஓட்டு ஹெட்லி' என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தத் தேர்தலானாலும் காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடியான தேவாலயக் கூடத்தின் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். யார் ஜெயித்தால் அவருக்கென்ன? காலிப் பெட்டிக்குள் முதல் சீட்டு விழும்போது 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கத்தான் அத்தனை பாடும்.

எதிர்வீட்டு மேவிஸ் டான்ஸ்லி குடிவந்து இரண்டே வருடம். அதற்குள் ரோஜாக் கண்காட்சியில் முதல் பரிசு, பாடகர் குழுவில் முன்வரிசை. இந்தம்மாவுக்கு இன்னும் என்னதான் வேண்டும் என்று ஹெட்லிக்கு வயிறு எரியும்.

அந்த மே மாத வியாழக்கிழமை ஆறரைக்கே தூறலில் நனைந்துகொண்டு போனார். கதவை ஒட்டி மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார் மேவிஸ்.

"என்ன ஹெட்லி, இன்னைக்கு பஸ் லேட்டா?"

"உங்களுக்கு வீட்டுல வேலையே இல்லையா?"

"இருக்கு. ஆனா அந்த 'டொக்' சத்தத்தைப் பத்தி ஊரெல்லாம் சொன்னதே நீங்கதானே! எனக்கும் ஆசை வந்துடுச்சு."

இப்போதெல்லாம் படம் போட்ட அட்டையைக் காட்டினால்தான் வாக்குச்சீட்டு. வயதானவர்களுக்குப் படம் போட்ட இலவசப் பேருந்து அட்டையே போதும். மேவிஸ் ஃபிளாஸ்க்கைப் பைக்குள் திணித்தபோது அவருடைய அட்டை நழுவிப் படியில் விழுந்தது. ஹெட்லி அதன்மேல் காலை வைத்தார். மேவிஸ் நாற்காலியை மடக்கத் திரும்பியதும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது. மேவிஸ் பையை மேசைமேல் கவிழ்த்தார். கண்ணாடி, நாய் பிஸ்கட், கைக்குட்டை எல்லாம் வந்தன, அட்டை மட்டும் வரவில்லை.

"படம் இல்லாம சீட்டு தர முடியாதும்மா. வீட்டுல வேற ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க," என்றாள் தேர்தல் மேசையில் இருந்த பெண்.

"இப்பத்தாங்க கையில வெச்சிருந்தேன்!"

"நாங்க வேலைக்குப் போக வேண்டாமா?" என்று வரிசையில் ஒருவன் கத்தினான். மேவிஸ் ஒதுங்கி நின்றார்.

ஹெட்லி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், சட்டைப்பையில் கைவிட்டு அட்டையை நீட்டினார். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஐயா, மேவிஸ் டான்ஸ்லிங்கறது நீங்களா?"

அவருடையதும் மேவிஸுடையதும் ஒரே நிற அட்டைகள், ஒரே சட்டைப்பையில் கிடந்தவை. ஹெட்லி மறுபடி சட்டைப்பைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"அட, கண்டெடுத்துட்டீங்களா!" மேவிஸ் ஓடிவந்தார். "பாருங்க, எடுத்துக் குடுத்து முதல் ஓட்டையும் எனக்கு விட்டுக்குடுக்கறார். எவ்வளவு நல்ல மனசு ஹெட்லி உங்களுக்கு!"

வரிசையே கைதட்டியது. மேவிஸ் சீட்டை வாங்கி, குறியிட வைத்திருந்த குட்டைப் பென்சிலோடு மறைப்புக்குள் போய் ஆற அமரக் குறியிட்டு வந்தார்.

'டொக்.'

ஹெட்லியின் சீட்டு விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, அவருக்கும்தான். இப்போது ஊரில் அவரை 'விட்டுக்கொடுத்த ஹெட்லி' என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இல்லை என்று சொல்லவும் வழியில்லை.