மழையைக் கட்டிய மேடை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. மேற்குத் தாம்பரத்தில் கடைசி மகனோடும் அவன் மகளோடும் இருக்கிறேன். எங்கள் சபைப் பாஸ்டரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான் அவன். கேட்க மாட்டேன். இரண்டாம் வகுப்போடு நின்றுபோன கை இது, மெதுவாகத்தான் எழுதும். ஆனால் வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எழுத்தை யாரும் குறுக்கே வந்து நிறுத்த முடியாது.

இந்தக் கோடையில் எங்கள் தெரு போர்வெல் குழாயெல்லாம் காற்றைத்தான் விட்டது. தண்ணீர் லாரி சத்தம் கேட்டால் குடத்தோடு ஓட வேண்டும். அந்தச் சமயம் பார்த்து எங்கள் சபை, மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் என்று ஜெபக்கூட்டம் வைத்தது. என் மகன்தான் கமிட்டிச் செயலாளர். பந்தல், நாற்காலி, லைட் எல்லாம் அவன் பொறுப்பு.

முதல் நாள் சாயங்காலம் பாட்டு முடிகிற நேரம், தெற்கே வானம் கறுத்தது. குளிர்ந்த காற்று அடித்தது. என் வாய் நிறைய ஸ்தோத்திரம் வந்தது. அதற்குள் வெளியூர்ப் பிரசங்கியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“மழையே, உன்னைக் கட்டுகிறேன்! இந்த மைதானத்தில் ஒரு சொட்டும் விழக் கூடாது!”

ஜனங்கள் ஆமென் என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். மேகம் நகர்ந்துபோயிற்று. பக்கத்துப் பெருங்களத்தூரில் கொட்டுகிறது என்று யாருக்கோ போன் வந்தது. “பார்த்தீர்களா, ஆண்டவர் நமக்குக் குடை பிடித்தார்!” என்றார் பிரசங்கியார். ஒரே கைதட்டல்.

மறுநாள் லாரி வரிசையில் எதிர்வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள் அவள்.

“இன்னா ஆயா, உங்க ஆளுங்க மைக்கு போட்டு மழைய தொரத்தி வுட்டாங்களாமே? நாங்க இங்க குடத்த வச்சிகினு வானத்த பாத்துகினு கீறோம். உங்க சாமி, கமிட்டி சொன்னாத்தான் கேக்குமா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “சும்மா கெட” என்றேன். ஆனாலும் அவள் கேட்டதில் தப்பு இல்லையே. கடல் எதுவரை வரலாம் என்று கோடு போட்டவர் ஆண்டவர். தம்மைக் கும்பிடுகிறவன் வீட்டு மாடியிலும் கும்பிடாதவன் வீட்டு மாடியிலும் ஒரே மழையைப் பெய்யவிடுகிறவர். பிளாஸ்டிக் நாற்காலி நனைந்துவிடும் என்று அவருடைய மழையைத் திருப்பி அனுப்ப இவர்கள் யார்?

அன்று சாயங்காலம் சாட்சி சொல்லும் நேரத்தில், பழைய விசுவாசி, செயலாளருடைய அம்மா என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். மூட்டு வலி தீர்ந்ததைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள்.

“நேத்து மழைய கட்டிப்போட்டீங்க, நல்லா இருங்க. ஆண்டவர் இன்னா, உங்க பந்தலுக்கு வாட்ச்மேனா? தொறன்னா தொறக்கணும், சாத்துன்னா சாத்தணுமா? எங்க தெரு ஒரு கொடம் தண்ணிக்கு அலையுது. கேக்கறதுன்னா கெஞ்சிக் கேளுங்க. அவருக்கு ஆர்டர் போடாதீங்க.”

மகன் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினான். “போதும்மா, மானம் போவுது.” பாஸ்டர் எழுந்து, சிரித்த முகமாக, “அம்மாவுக்கு ஆண்டவர் விசுவாசத்தைத் தரட்டும்” என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் பக்கத்தில் நின்ற மகனும் சொன்னான்.

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. விசுவாசம் எனக்கா இல்லை? புருஷன் போன பிறகு பல்லாவரத்துத் தோல் ஷெட்டில் நாற்றத்தில் நின்று ஐந்து வயிற்றை நிரப்பினேன். அப்போது ஆண்டவரிடம் அழுதிருக்கிறேன். சண்டைகூடப் போட்டிருக்கிறேன். உத்தரவு போட்டதில்லை. என் சோற்றைத் தின்று வளர்ந்தவன், எனக்கு விசுவாசம் வரட்டும் என்று ஆமென் சொல்கிறான்.

அடுத்த வாரம் பந்தலைப் பிரித்த பிறகு மழை வந்தது. கட்டினவர் யாரும் வந்து அவிழ்த்துவிடவில்லை.

“உன் மைக்குக்குத்தான் ஆயா வந்துச்சு!” என்று எதிர்வீட்டுக்காரி நனைந்துகொண்டே கத்தினாள்.

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பேச்சுக்கு வந்தது என்று நான் சொல்லிக்கொண்டால் அந்தப் பிரசங்கியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆண்டவர் அனுப்பினார், வந்தது. அனுப்பாமல் இருந்திருந்தாலும் அவர்தான் ராஜா. எனக்குத் தொண்டை வறண்டிருந்தாலும் அவர்தான் ராஜா.

“ஒரு சாரி, அவ்ளோதாம்மா. நான் சபையில தலை காட்ட வேணாமா?” என்று மகன் நேற்றும் கேட்டான். சபையில் தலை காட்டட்டும். என் தலையை இதற்காகக் குனிய வைக்க முடியாது.

பாப்பா, இதை எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்து கோணலாக இருந்தால் திருத்திக்கொள், வார்த்தையை மாற்றாதே. உன் அப்பா ஹாலில்தான் டிவி பார்க்கிறான். சத்தமாக வாசி.