வான்வீட்டில் லுச்சீயா

யாரும் குழாயைத் திறக்காமலே தண்ணீர் மோட்டார் "டுர்ர்ர்" என்று ஒருதரம் உறுமி அடங்கும். நான் படுக்கும் மெத்தைக்கு நேர் கீழே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அது இருந்தபடியால், பள்ளிக்கூடத்துக் கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது அது உறுமினால் அந்த நடுக்கம் என் முழங்கால்வரை ஏறும். "எங்கையோ பொருத்திலை கசியுது, வேறை ஒண்டுமில்லை" என்பார் அப்பா. அம்மா கையில் இருக்கும் அகப்பையை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பிறகு கறியைத் துழாவுவார்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், என் ஒன்பதாவது வயதும் பத்தாவது வயதும் படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர் வண்டிக்குள் கழிந்தன. அதற்கு முன்னர் சீசா என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தோம். ஒரு மாரிகாலத்தில் அதன் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்ததும், பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு தேடிப் போனால், தொலைபேசியில் காலியாக இருந்த வீடு அப்பாவின் முகத்தைக் கண்டதும் "இப்போதுதான் ஆள் வந்துவிட்டது" என்று ஆகிவிடும். அப்போது, வியா மக்வேதா தெருவுக்குப் பின்புறத்தில் அம்மா வீட்டுவேலை செய்துவந்த வீட்டின் எசமானி ஒரு வழி சொன்னார். இந்த ஊர் வழக்கப்படி அவரைச் சின்யோரா என்போம். அவருடைய காலஞ்சென்ற கணவரின் தச்சுப்பட்டறை பிரான்காச்சோ என்ற பகுதியில் பூட்டிக் கிடந்தது. அதன் முற்றத்தில் அவர்களுடைய கேம்பர் பல வருடங்களாக அசையாமல் நின்றது. வீடு கிடைக்கும்வரை அதில் இருங்கள் என்றார்.

அம்மா அதற்கு "வான்வீடு" என்று பெயர் வைத்தார். ஒரு வான் வண்டிக்குள் குடித்தனம் நடத்துவது முதலில் எனக்கு விளையாட்டாக இருந்தது. பகலில் சாப்பாட்டு மேசையாக இருப்பது, அதன் காலை மடக்கி மெத்தையைப் போட்டால் என் கட்டிலாகிவிடும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த தட்டில் அப்பாவும் அம்மாவும் ஏறிப் படுப்பார்கள். பட்டறைக் குழாயிலிருந்து ரப்பர்க் குழாய் போட்டுத் தாங்கியை நிரப்புவது என் வேலை. கக்கூஸ் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கழுவுவது அப்பாவின் வேலை. "எடுத்த சாமானை எடுத்த இடத்திலை வை, இல்லாட்டி இருக்க இடமில்லை" என்று அம்மா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். மீன்கறியை மட்டும் வெளியே பட்டறை வாசலில் வைத்துச் சமைப்பார். வாசம் மெத்தைப் பஞ்சில் ஏறினால் போகாதாம். அடுப்புக்கு மேலே இருந்த சிறு அலுமாரிக்குள் பிள்ளையார் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த மாதாவின் படத்தை அம்மா எடுக்கவில்லை. "முதல் வந்தவ அவதானே" என்றார்.

மாதாவுக்கும் முன்னால் வந்த ஒருத்தி இருந்தாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் மீன்களும் நட்சத்திரங்களும் ஒட்டியிருந்தன. மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் கைவிட்டபோது ஒரு சிறிய சீப்பு அகப்பட்டது. அதில் செம்பட்டை மயிர் சுற்றியிருந்தது. அம்மா அதை வாங்கித் துடைத்து, எறியாமல், கைக்கெட்டாத உயரத்தில் வைத்தார். "சின்யோராவின்ரை பிள்ளையின்ரை. உன்ரை வயசிலை செத்துப்போச்சாம். அதைப்பற்றி அவவோடை கதைக்காதை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா உணவகத்துக் குசினியில் பாத்திரம் கழுவப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்துச் சின்யோரா பேருந்தில் வந்து இறங்குவார். கையில் இனிப்புப் பொட்டலம், தோளில் கறுப்புச் சால்வை. கதவைத் தட்டாமல், குனிந்து ஏறி, மேசைக்கு அந்தப் பக்கத்து மூலையில் உட்காருவார். ஒருநாள் மோட்டார் வழக்கம்போல உறுமியது. சின்யோரா தலையை நிமிர்த்தாமலே, "தண்ணீரை வீணாக்காதே, லுச்சீயா" என்றார்.

வண்டிக்குள் மூன்று பேர்தான் இருந்தோம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தமிழில், மெதுவாக, "ஓம் எண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன். சின்யோரா சிரித்துக்கொண்டு இனிப்புப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் லுச்சீயாவாக இருந்தேன். சின்யோரா என் தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னிவிடுவார். என் கறுத்த மயிரைப் பின்னிக்கொண்டே செம்பட்டை மயிரைப்பற்றிப் பேசுவார். போன கோடையில் நான் நண்டைப் பிடித்துக் கையில் கடிவாங்கியதைச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில் அந்த விரலைத் தடவிப் பார்ப்பேன். அவர் போனபின்னும் அந்தப் பெயர் போகாது. மெத்தையில் ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது; அதில் என் உடம்பு அளவாகப் பொருந்துவதை நினைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் படுப்பேன்.

ஒரு ஞாயிறு உணவகம் பூட்டியிருந்ததால் அப்பா வீட்டில் இருந்தார். சின்யோரா என்னைக் கூப்பிட்டதையும் நான் போனதையும் பார்த்துக்கொண்டிருந்தார். சின்யோராவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து, வாசலில் நின்றபடி, "என்ரை பிள்ளைக்குப் பேர் இல்லையோ?" என்று கேட்டார்.

"கிழமையிலை ஒரு பின்னேரம்தானே. அந்த மனுசி சந்தோசமாப் போறா. எங்களுக்கும் தலைக்கு மேலை ஒரு கூரை இருக்கு" என்றார் அம்மா, கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு.

"கூரைக்காகப் பிள்ளையை வாடகைக்கு விடுறியோ?"

நான் மேசையை மடக்கிக் கட்டிலாக்கினேன்.

அடுத்த கோடையில் சின்யோரா ஒன்று கேட்டார்: வண்டியை ஒருதரம் ஓட்டிப் பார்க்கவேண்டும், நகரத்துக்குக் கிழக்கே அவர்கள் முன்பு போய்வந்த மீனவர் ஊருக்கு எல்லோரும் போய்வரவேண்டும். அப்பாவுக்கு மனமில்லை. ஆனாலும் வாடகை என்ற அந்த வார்த்தையை ஒருதரம் சொல்லிவிட்ட வெட்கமோ என்னவோ, பக்கத்துப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து இயந்திரத்தைச் சரிசெய்தார். ஒரு காலையில் புறப்பட்டோம். அலுமாரிக்குள் தட்டுகள் கிலுகிலுத்தன. பிள்ளையாரை அம்மா மடியில் வைத்துக்கொண்டார். கடற்கரையில் சின்யோரா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கால் நனைய நடந்தார். எங்களுக்கு அன்று நல்ல நாளாகவே இருந்தது.

திரும்பும்போது அம்மா முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். நானும் சின்யோராவும் பின்னால். கொஞ்சத் தூரம் வந்ததும் சின்யோரா எழும்பி மேசையை இறக்கி மெத்தையை விரித்தார். அத்தனை வருடம் கழித்தும் அவருடைய விரல்கள் கொக்கிகளை மறக்கவில்லை. "படு. உனக்குக் காய்ச்சல்" என்றார். வெயிலில் களைத்திருந்த நான் படுத்தேன். அவர் கைலேஞ்சியை நனைத்து என் நெற்றியில் வைத்தார். பிறகு முன்பக்கம் திரும்பி, செத்துப்போன தன் கணவரின் பெயரைச் சொல்லி, "வேகமாகப் போ, பிள்ளை கொதிக்கிறாள்" என்றார்.

அப்பா கண்ணாடியில் பார்த்தார். "இன்னும் வேகமாக" என்றார் சின்யோரா.

அப்போது எனக்கு விளங்கியது. லுச்சீயா நான் நினைத்திருந்தபடி ஆஸ்பத்திரியில் சாகவில்லை. இந்தப் பாதையில், இந்த மெத்தையில், இந்தக் கை நெற்றியில் இருக்கும்போது செத்திருக்கிறாள். என் உடம்பு உண்மையாகவே சுட்டது. "கண்ணை மூடாதே, லுச்சீயா, மூடாதே" என்று அவர் சொல்லச் சொல்ல என் இமைகள் கனத்தன. கையைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் பள்ளத்துக்குள் யாரோ இடம்விட்டு ஒதுங்குவதுபோல இருந்தது. "அம்மா!" என்று கத்தினேன்.

"இங்கேதான் இருக்கிறேன், கண்ணே" என்றார் சின்யோரா.

"நிப்பாட்டுங்கோ!" என்று அம்மா அப்பாவிடம் சத்தம் போட்டது அதே நேரத்தில் கேட்டது.

வண்டி ஒரு எலுமிச்சைத் தோட்டத்து மதிலோடு ஒதுங்கி நின்றது. அம்மா இருக்கைகளுக்கு இடையால் புகுந்து வந்தார். மறுபடியும் "ஓம்" சொல்லச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெத்தை விளிம்பில் உட்கார்ந்து, சின்யோராவின் கையிலிருந்த கைலேஞ்சியை வாங்கி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனில் சொன்னார்: "சின்யோரா, லுச்சீயா செத்துவிட்டாள். இது என் மகள். இவளுக்குக் காய்ச்சல் இல்லை. இவள் பெயர் தர்சினி." வினைச்சொற்கள் எல்லாம் பிழை. ஆனால் அதைவிடத் தெளிவாக அம்மா அந்த மொழியைப் பேசி நான் கேட்டதில்லை.

சின்யோரா என்னை விட்டுவிட்டு விரிப்பைத் தடவினார். "இங்கேதான்" என்றார். "நகரம் தெரியத் தொடங்கிவிட்டது. போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தோம்." பிறகு வாய்விட்டு அழுதார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். அப்பா இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலடியில் நின்றார்.

பிரான்காச்சோவுக்கு வந்ததும் அம்மா எங்கள் உடுப்புகளைப் பைகளில் அடுக்கத் தொடங்கிவிட்டார். இனி இருக்க விடமாட்டார்கள் என்பது அவருக்கு நிச்சயம். அந்தக் கிழமை முழுவதும் பைகளிலிருந்தே எடுத்து உடுத்தோம். சின்யோராவின் வீட்டுக்கு அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார். அங்கே இருவரும் அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. அதுவரை சின்யோரா தட்டியதே இல்லை. திறந்தபோது படிக்குக் கீழே நின்று, "பெர்மெஸ்ஸோ?" என்று கேட்டார். எங்களுக்கு அது இந்த நாட்டில் இருக்க விடும் கடதாசியின் பெயர். பிறர் வீட்டுக்குள் நுழையும்முன் இந்த ஊரார் கேட்பதும் அதே சொல்லைத்தான். "தார்சீனி இருக்கிறாளா?" என்று அடுத்துக் கேட்டார். அதன் பிறகு சாகும்வரை அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். லுச்சீயா என்ற பெயரை எங்கள் முன்னால் பிறகு ஒருபோதும் எடுக்கவில்லை.

அம்மா என்னை மேல்தட்டில் தன்னோடு வந்து படுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். நான் போய்விட்டால் அவள் தனியாகப் படுக்கவேண்டுமே என்று தோன்றியது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சீசாவில் மறுபடியும் வீடு கிடைத்து நாங்கள் கிளம்பிய காலைவரை, அந்த மெத்தையில், அவளுக்கு இடம்விட்டு ஓரமாகவே படுத்தேன்.

சின்யோரா போய்ச் சேர்ந்தபின் தூரத்து உறவினர் ஒருவர் பட்டறையை விற்றார். முற்றம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். கேம்பரை யார் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவும் இல்லை. அம்மா என்னோடு இருக்கிறார்.

டிசம்பரில் புனித லுச்சீயாவின் நாள் வரும். அன்று இந்த நகரத்தில் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். சோற்று உருண்டையைப் பொரித்த "அரஞ்சினா"வுக்குக் கடை வாசல்களில் வரிசை நிற்கும். அம்மாவும் நின்று வாங்கிவருவார். விளக்கேற்றி, ஒரு அரஞ்சினாவைத் தட்டில் போட்டு, மேசையில் ஆள் இல்லாத பக்கத்தில் வைப்பார். முதல் வருடம் ஏன் என்று கேட்டேன். "தாயும் போயிட்டா. அந்தப் பிள்ளையை நினைக்க இனி ஆர் இருக்கினம்?" என்றார்.

அதை நாங்கள் இருவரும் தொடுவதில்லை. மறுநாள் காலையில் அது ஆறிப்போய், வைத்தபடியே இருக்கும். அம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, பல்கனிக்கு எடுத்துப்போய்ப் புறாக்களுக்கு உதிர்த்துப் போடுவார்.